ஊர் விட்டு ஊர் செல்பவருக்கு ஒரு விளையாட்டுக் கணினி

உங்கள் அண்ணன் ஒருவர் காற்றாலை நிறுவும் பணியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் முப்பந்தலில் வேலை. அடுத்த ஆறு மாதம் கர்நாடகத்துச் சித்ரதுர்காவில். அதன்பின் குஜராத்தின் கட்ச் பகுதியில். போகுமிடமெல்லாம் ஒரு பெட்டி, ஒரு முதுகுப்பை. மாலையில் அறைக்குத் திரும்பியதும் பழைய கல்லூரித் தோழர்களுடன் இணையத்தின் வழியே ஒரு மணி நேரம் விளையாட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பகலில் பொறியியல் வரைபடங்களைப் பார்க்கவும் அதே கருவி உதவ வேண்டும். ஒன்றரை ஆண்டுகளாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. ஒரு முறைதான் வாங்க முடியும். வாங்கியதை நான்கைந்து ஆண்டுகள் வைத்திருந்தாக வேண்டும். "நீதான் அறிவியல் படிக்கிறாயே, எந்த லேப்டாப் வாங்கலாம், சொல்" என்று அவர் உங்களிடம் கேட்கிறார். என்ன சொல்வீர்கள்?

கடைக்குச் சென்றால் விற்பனையாளர் ஓர் அட்டையை நீட்டுவார். செயலியின் பெயர், வரைகலைச் செயலியின் பெயர், நினைவகம், திரை என்று வரிசையாக எண்கள் இருக்கும். பெரிய எண் உடையதே சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அண்ணனுக்கு மிகவும் வேண்டிய ஓர் எண் அந்த அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும். சில அட்டைகளில் இருக்கவே இருக்காது. அது வாட் என்னும் அலகில் கூறப்படும் எண். திறனின் அலகு வாட் என்றும், விநாடிக்கு ஒரு ஜூல் ஆற்றல் என்பதே ஒரு வாட் என்றும் நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு சென்றால் மற்ற பல கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

கணிப்பொறியைத் தூக்கிச் செல்லும் ஆசை புதிதன்று. 1981-இல் அமெரிக்காவில் ஆஸ்போர்ன் 1 என்ற கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையோ 5 அங்குலம்தான். தையல் இயந்திரப் பெட்டி போன்ற அதனைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்கிச் சென்றார்கள். உள்ளே மின்கலம் கிடையாது. சுவரில் செருகினால்தான் வேலை செய்யும். இன்று அதில் ஏழில் ஒரு பங்கு எடையில், அதைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமான கருவி கிடைக்கின்றது. எடை குறைந்துவிட்டது, ஆனால் வெப்பம் என்னும் தொல்லை கூடிவிட்டது.

வெப்பத்தை எங்கே கொட்டுவது?

மின்விசிறி காற்றைத் தள்ளுகிறது. பம்பு நீரை மேலே ஏற்றுகிறது. செலவழித்த மின்னாற்றலின் ஒரு பகுதி அங்கெல்லாம் வேறு வடிவத்தில் நமக்குக் கிடைத்துவிடுகிறது. கணிப்பொறி அப்படியா? அது எத்தனை கோடிக் கணக்குகளைச் செய்தாலும், உள்ளே சென்ற ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகின்றது. திரையின் ஒளியும் ஒலிபெருக்கியின் ஓசையும் கூடக் கடைசியில் அறையின் சுவரில் வெப்பமாகத்தான் முடிகின்றன. ஒரு விளையாட்டுக் கணினி விளையாட்டின்போது 150 வாட் எடுத்துக்கொள்கிறது என்றால், அது 150 வாட் அடுப்பும் ஆகும். பழைய 100 வாட் குண்டு பல்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அத்தகைய பல்புகள் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டிக்குள் எரிகின்றன!

இந்த வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கனமீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 1200 ஜூல் தேவை. உள்ளே புகும் காற்று 20 டிகிரி சூடேறி வெளியே போகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு கனமீட்டர் காற்று 24,000 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நமக்கு விநாடிக்கு 150 ஜூலை வெளியேற்ற வேண்டும். 150-ஐ 24,000-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.00625 கனமீட்டர், அதாவது 6.25 லிட்டர். குளியலறை வாளி 12 லிட்டர் பிடிக்கும் என்றால், இரண்டு விநாடிக்கு ஒரு வாளிக் காற்று அந்தச் சிறு பெட்டியின் இடுக்குகள் வழியே நுழைந்து வெளியேற வேண்டும். படுக்கையின்மேலோ தலையணையின்மேலோ வைத்து விளையாடினால் ஏன் கருவி சுணங்குகிறது என்பது இப்போது புரிகிறதல்லவா? அடிப்புறத்துத் துளைகளைத் துணி மூடிவிடுகிறது. வாளி நிரம்புவதில்லை.

சில்லின் பரப்போ நம் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. அந்தச் சிறு இடத்தில் தோன்றும் வெப்பத்தை ஓரத்திலுள்ள தகடுகள் வரை கொண்டுசெல்ல வேண்டும். இதற்கென ஓர் அழகான ஏற்பாடு உண்டு. அதற்கு வெப்பக்குழாய் என்று பெயர். 1963-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதனை உருவாக்கினார். பிறகு விண்கலங்களில் பயன்பட்டது. செம்புக் குழாயிலிருந்து காற்றை அகற்றிவிட்டுச் சிறிதளவு நீரை மட்டும் உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். அழுத்தம் குறைந்தால் நீரின் கொதிநிலையும் குறையும் என்பது உங்களுக்குத் தெரியும். எனவே சில்லின் அருகே உள்ள நீர் 100 டிகிரிக்கு வெகு கீழேயே ஆவியாகிவிடும். ஆவி குழாயின் மறுமுனைக்கு விரைந்து, அங்குள்ள தகடுகளில் வெப்பத்தை விட்டுவிட்டு மீண்டும் நீராகும். குழாயின் உட்சுவரில் விளக்குத்திரி போன்ற நுண்துளைப் படலம் உண்டு. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதன் வழியே நீர் சில்லின் பக்கம் திரும்பி வரும். மோட்டார் இல்லை, ஓசை இல்லை. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் உட்கொள்வதால், 100 வாட்டைச் சுமக்க விநாடிக்கு 0.04 கிராம் நீர் போதும். ஒரு சொட்டு நீர் இத்தனை வேலை செய்வதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆனால் தகடுகளிலிருந்து வெப்பத்தை வெளியே தள்ள விசிறி வேண்டும். விசிறியின் சுழல்வேகத்தை இரட்டித்தால் காற்றும் இரண்டு மடங்கு வரும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் கூடும். டெசிபல் கணக்கில் 15 என்பது ஒலித்திறனில் முப்பது மடங்குக்கு மேல். மெல்லிய கருவியில் விசிறியும் சிறிது, தகடுகளும் சிறிது. அதே வெப்பத்தைத் தள்ள அது வேகமாகச் சுழல வேண்டும்; இரைச்சல் போடும். பணியிட விடுதியில் ஒரே அறையில் மூவர் தங்கினால், அண்ணன் விளையாடும்போது மற்ற இருவர் தூங்குவது எப்படி?

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கணினிகளைப் பற்றி நாம் படிக்கும் ஆய்வுரைகளில் பல, 20 அல்லது 22 டிகிரி வெப்பநிலையுள்ள அறைகளில் சோதித்து எழுதப்படுபவை. கட்ச் பகுதியின் மே மாதம் அப்படிப்பட்டதன்று. சில்லின் வெப்பநிலை 95 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று கொள்வோம். அறை 25 டிகிரியில் இருந்தால் இடைவெளி 70 டிகிரி. அறை 42 டிகிரியில் இருந்தால் இடைவெளி 53 மட்டுமே. வெளியேறும் வெப்பம் இந்த இடைவெளிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருப்பதால், 150 வாட் தாங்கிய கருவி இப்போது 114 வாட்டுக்கு மேல் தாங்காது. நான்கில் ஒரு பங்கு திறன் வெயிலில் போய்விட்டது! ஆகவே ஆய்வுரையில் "வெப்பத்தைச் சமாளிக்கிறது, ஆனால் எல்லையில்" என்று காணும் கருவியை அண்ணனுக்குச் சொல்லாதீர்கள். காற்றாலைப் பகுதியின் புழுதி தகடுகளை அடைத்துக்கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும். சாதாரணத் திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் திறந்து தூசு தட்டக்கூடிய அமைப்பே இவருக்கு ஏற்றது.

மடியில் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேப்டாப் என்ற பெயரை நம்பி மடியில் வைத்து விளையாடுவது தவறு. 44 டிகிரி வெப்பநிலையில் உள்ள பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருந்தாலே தோல் புண்படும். சுடுகிறது என்ற உணர்வு அவ்வளவாகத் தோன்றாததால் ஆபத்து கூடுதல். விளையாட்டுக் கணினியின் அடிப்புறம் இந்த எல்லையை எளிதில் தாண்டும். மேசையே அதன் இடம்.

ஒரே பெயர், வேறு வேறு வேகம்

வரைகலைச் செயலிதான் விளையாட்டுக் கணினியின் உயிர். அதன் பெயரைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். ஆனால் பெயர் முழு உண்மையைச் சொல்லாது. 2023-இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 என்ற மடிக்கணினிச் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி தயாரிப்பாளர் அதனை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ளலாம். அட்டையில் பெயர் ஒன்றே. உள்ளே மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு!

அப்படியானால் 115 வாட் உள்ளதைத்தானே தேட வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கேதான் இயற்பியல் நமக்கு ஒரு சலுகை தருகின்றது. சில்லுக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய மின்நிலைமாற்றிகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சிறு மின்தேக்கியை ஏற்றி இறக்குவது போன்றது. மின்தேக்கியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். விநாடிக்கு எத்தனை முறை ஏற்றி இறக்குகிறோம் என்பது அதிர்வெண். ஆகவே செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடியையும் அதிர்வெண்ணையும் பெருக்கிவரும் எண்ணுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதிர்வெண்ணைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால், திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தை 100-லிருந்து 80-ஆகக் குறைத்தால் திறன் என்ன ஆகும்? 0.8-இன் மும்மடி 0.512. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் பாதி ஒழிந்துவிடுகிறது! 115 வாட் சில்லு விநாடிக்கு 100 படங்களை வரைந்தால், அதே சில்லு 60 வாட் அளவில் ஏறத்தாழ 80 படங்களை வரையும். கண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது; முதுகுக்கும் காதுக்கும் நன்றாகவே தெரியும். இந்தக் கணக்கு ஓரளவு தோராயமானதே. மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குக் கீழே இறக்க இயலாது. ஆகவே 35 வாட் போன்ற மிகத் தாழ்ந்த அளவுகளில் இந்தச் சலுகை கிடைக்காது. வேகம் சடசடவெனச் சரிந்துவிடும். நடுவில் நிற்பதுதான் இலாபம்.

கடைக்காரரிடம் "இந்த வரைகலைச் செயலிக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள்?" என்று அண்ணன் கேட்கட்டும். தயாரிப்பாளரின் விவரத்தாளில் அது இருக்கும். 70 முதல் 100 வாட் வரை என்றால் ஊர் சுற்றுபவருக்குப் போதும் என்பது என் கருத்து. 150 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவை ஓரிடத்தில் மேசைமீது வாழப் பிறந்தவை.

மின்கலத்தை நம்பி விளையாடலாமா?

முடியாது என்றே சொல்லிவிடலாம். காரணத்தைப் பார்ப்போம்.

மடிக்கணினியில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் இதனை முதன்முதலில் வணிக முறையில் விற்றது. இதற்கு அடிகோலிய ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மின்கலத்தின் கொள்ளளவை வாட்-மணி என்ற அலகில் சொல்வார்கள். 90 வாட்-மணி மின்கலத்தில் 3,24,000 ஜூல் ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 2,93,000 ஜூல் வேண்டும். அவ்வளவு பெரிய ஆற்றல்தான். ஆனால் 150 வாட் விழுங்கும் கருவிக்கு 90-ஐ 150-ஆல் வகுத்தால் 0.6 மணி, 36 நிமிடம். ஆட்டம் சூடு பிடிக்கும்போது மின்கலம் காலி!

உண்மையில் தயாரிப்பாளர்கள் அதற்கும் விடுவதில்லை. மின்கலத்திலிருந்து 150 வாட்டை இழுத்தால் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். மின்கலத்திற்கு அகத்தடை உண்டல்லவா? மின்னோட்டம் இரட்டித்தால் அகத்தடையில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும். இந்தச் சூட்டில் மின்கலம் விரைவில் மூப்படையும். எனவே சுவரிலிருந்து கம்பியை உருவியவுடனே கருவி தன் வேகத்தைத் தானே பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துக்கொள்ளும். "மின்கலத்தில் ஓடும்போது விளையாட்டு தடுமாறுகிறது" என்று குறை கூறுபவர்களுக்கு விடை இதுதான். கருவியில் பழுது ஒன்றுமில்லை.

மின்கலம் உதவுவது எளிய வேலைகளுக்கு. வரைபடம் பார்க்க, கடிதம் எழுத 10 வாட் போதும் என்றால் 90 வாட்-மணி ஒன்பது மணி நேரம் வரும். ஆனால் பெரிய வரைகலைச் செயலி உறங்காமல் விழித்திருந்தால் செலவு 25 வாட்டாகிவிடும். நேரமும் மூன்றரை மணிக்குச் சுருங்கும். எளிய வேலையின்போது சிறிய உள்வரைகலையை மட்டும் கொண்டு இயங்கும் வசதி உண்டா, அது சரியாக வேலை செய்கிறதா என்று வாங்குமுன் விசாரிப்பது நலம். அறையில் எந்நேரமும் மின்னிணைப்பில் வைத்திருப்பவர்கள், மின்கலம் 80 விழுக்காட்டில் நின்றுகொள்ளுமாறு அமைத்துவிடலாம். முழு மின்னேற்றமும் வெப்பமும் சேர்ந்துதான் இந்த மின்கலங்களைக் கிழடாக்குகின்றன.

மின்கலம் ஏன் 99 அல்லது 99.9 வாட்-மணியோடு நின்றுவிடுகிறது, ஏன் 120 வைக்கவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. விமானப் பயண விதியே காரணம். 100 வாட்-மணி வரை உள்ள லித்தியம் மின்கலக் கருவியைப் பயணி தன்னோடு கொண்டுசெல்லலாம். 100-லிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணியின் மூட்டையில் இடமில்லை. தனியே எடுத்துச் செல்லும் உதிரி மின்கலங்களைச் சரக்கறைப் பெட்டியில் போடக் கூடாது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். தீப்பற்றினால் பயணிகள் அறையில் அணைக்கலாம். சரக்கறையில் யார் பார்ப்பது?

சுமையைக் கூட்டிப் பாருங்கள்

இன்றைய நிலையில் 14 அங்குலத் திரையுள்ள விளையாட்டுக் கணினிகள் ஏறத்தாழ ஒன்றரை முதல் 1.9 கிலோகிராம் வரை இருக்கின்றன. 16 அங்குலம் என்றால் 2 முதல் 2.7 வரை. 18 அங்குலம் 3 கிலோவைத் தாண்டும். இவை கருவியின் எடை மட்டுமே. மின்னேற்றியை யார் சுமப்பது? 330 வாட் மின்னேற்றி செங்கல் போலிருக்கும்; கம்பிகளோடு சேர்த்தால் ஒரு கிலோவை நெருங்கும். விளம்பரத்தில் அந்தச் செங்கலைக் காட்ட மாட்டார்கள். கருவியையும் மின்னேற்றியையும் ஒன்றாகத் தராசில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கிடைத்தளத்தில் சுமையைத் தூக்கி நடப்பவர் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை சுழி என்று வகுப்பில் நடத்துகிறோம். சித்ரதுர்கா பேருந்து நிலையத்தில் இந்தத் தேற்றத்தை அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்!

மின்னேற்றிகள் அண்மைக் காலத்தில் சிறுத்து வருவதற்கும் காரணம் உண்டு. மின்மாற்றியில் அதிர்வெண்ணை உயர்த்தினால், அதே மின்னழுத்தத்திற்குச் சிறிய உள்ளகமே போதும். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டத்தை வெட்டி ஒட்டும் வேலையைச் சிலிக்கனைவிடக் காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தி குறைந்த இழப்பில் செய்கின்றது. விலை சற்றுக் கூடுதல். ஆனால் ஊர் மாறுபவர் கொடுக்கத் தகுந்த விலை.

அதைவிடப் பயனுள்ளது டைப்-சி செருகுவாய் வழியே மின்னேற்றும் வசதி. யுஎஸ்பி மின்வழங்கு விதிப்படி இதில் முன்பு 20 வோல்ட், 5 ஆம்பியர், ஆக 100 வாட் வரைதான் அனுப்ப முடிந்தது. 2021-இல் விதி திருத்தப்பட்டு 48 வோல்ட் வரை உயர்த்தப்பட்டது. மின்னோட்டம் அதே 5 ஆம்பியர். பெருக்கினால் 240 வாட். விளையாட்டுக் கணினிகள் பலவும் இதன் வழியே 100 வாட் வரை ஏற்றுக்கொள்கின்றன. பெரிய செங்கல் பெட்டியில் கிடக்கட்டும். பயணத்திற்கும் பகல் வேலைக்கும் உள்ளங்கையில் அடங்கும் 100 வாட் மின்னேற்றி போதும். அதுவே கைப்பேசிக்கும் ஆகும். ரயில் பெட்டியின் செருகுவாய்கள் கைப்பேசி போன்ற சிறு கருவிகளுக்காக ஏற்பட்டவை. அங்கே 240 வாட் செங்கலைச் செருகி மற்றவர்களின் சாபத்தை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

சுமையைக் குறைக்கச் சிறிய திரை என்றால் கண்ணுக்குக் குறையில்லையா? நம் கண் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 50 சென்டிமீட்டர் தொலைவில் இது 0.145 மில்லிமீட்டர். 14 அங்குலத் திரையில் 1920 × 1200 புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளியின் அகலம் 0.157 மில்லிமீட்டர், கண்ணின் எல்லைக்குச் சற்று மேலே. 2560 × 1600 என்றால் 0.118, எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. இதற்கும் மேலே 3840 புள்ளிகள் கொண்ட திரையை 14 அங்குலத்தில் வாங்குவது, கண் காணாத புள்ளிகளுக்குப் பணமும் வாட்டும் கொட்டுவதாகும். புள்ளிகள் கூடக்கூட வரைகலைச் செயலியின் வேலையும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும் திரை இருந்தால் ஒரு படத்திற்கு 8.3 மில்லிவிநாடி; 240 முறை என்றால் 4.2. போட்டிகளில் ஆடுபவர்களுக்கு இரண்டாவது வேண்டியிருக்கலாம். மாலையில் ஒரு மணி நேரம் ஆடுபவருக்கு முதலாவதே தாராளம்.

கையடக்க விளையாட்டுக் கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் 669 கிராம்தான். 7 அங்குலத் திரை. அதன் சில்லு 4 முதல் 15 வாட் வரைதான் எடுத்துக்கொள்ளும். 40 வாட்-மணி மின்கலம். வாட் கணக்கை நன்கு புரிந்துகொண்டவர்கள் செய்த கருவி அது. மின்கலத்தை நம்பி உண்மையாகவே விளையாட வேண்டுமென்றால் இவ்வகைதான் சரி. ஆனால் காற்றாலை வரைபடத்தை 7 அங்குலத்தில் பார்க்க முடியாது, விசைப்பலகையும் இல்லை. அண்ணனுக்கு அலுவலகத்தில் வேறு மடிக்கணினி கொடுத்தால் அப்போது இதை யோசிக்கலாம்.

அடியும் அதிர்ச்சியும்

அடிக்கடி இடம் மாறும் பொருள் என்றாவது ஒரு நாள் கீழே விழும். 75 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து விழும் கருவி தரையைத் தொடும்போது விநாடிக்கு 3.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். தரையில் மோதி 2 மில்லிமீட்டர் தொலைவில் நின்றுவிட்டால், எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 375 மடங்கு! அதே கருவி 20 மில்லிமீட்டர் நுரைமெத்தை வைத்த பையில் இருந்து விழுந்தால் இந்த எண் பத்தில் ஒரு பங்காகிவிடும். மெத்தை அமுங்கும் தூரம்தான் கருவியைக் காப்பாற்றுகிறது. சில நூறு ரூபாய் உறைக்கு இவ்வளவு பயன். பையில் கருவியை முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள். எடை முதுகிலிருந்து தள்ளிப்போனால் திருப்புத்திறன் கூடித் தோளைப் பின்னுக்கு இழுக்கும்.

நினைவகம் 16 ஜிகாபைட்டுக்குக் குறைய வேண்டாம். மெல்லிய கருவிகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். உத்தரவாதத்தில் பொறியாளர் நம் இடத்திற்கு வந்து பழுது பார்க்கும் வகை உண்டா, எந்த மாவட்டம் வரை வருவார் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கட்ச் பகுதியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பொட்டலம் கட்டி அனுப்புவது நடக்கிற காரியமா?

உலோக உடலுள்ள கருவியை மின்னேற்றும்போது விரலில் சிலிர்ப்பது போலிருக்கிறது என்று பலர் அஞ்சுகிறார்கள். மின்னேற்றிக்குள் இரைச்சலை வடிக்க வைத்த சிறு மின்தேக்கிகள் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் கசிகிறது. மின்னேற்றியில் மூன்றாவது முள் இருந்தால், அது நிலத்தொடர்பு வழியே போய்விடும். தற்காலிக விடுதிகளின் பலகைகளில் அந்த மூன்றாவது துளைக்குக் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். அண்ணன் புது அறைக்குப் போனவுடன் மின்பணியாளரிடம் ஒரு சோதனை விளக்கைக் கொண்டு அதனைப் பார்க்கச் சொல்வது நல்லது. மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதைச் செய்யவே கூடாது. வெளிநாட்டுப் பணிக்கும் போவதாக இருந்தால் மின்னேற்றியின் மேல் 100–240 வோல்ட், 50–60 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முட்கள் செவ்வக வடிவம். ஒரு மாற்றுச் செருகி போதும்.

இனிக் கடைக்குப் புறப்படலாம். காட்சிக்கு வைத்த கருவியில் ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாக் கருவிகளும் வேகமாகத்தான் ஓடும். செம்பும் அலுமினியமும் சூடேறும் வரை அவை வெப்பத்தைத் தமக்குள் வாங்கிக்கொள்கின்றன. இருபதாவது நிமிடத்திற்குப் பிறகு விநாடிக்கு எத்தனை படங்கள் என்று பாருங்கள். விசைப்பலகையின் நடுவில் விரலை வைத்துப் பாருங்கள், காதைக் கொடுத்து விசிறியைக் கேளுங்கள். கடையில் குளிர்சாதனம் ஓடுகிறது என்பதையும், கட்ச் பகுதியில் அண்ணனின் அறையில் அது இருக்காது என்பதையும் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கருவியையும் மின்னேற்றியையும் அவருடைய பழைய முதுகுப்பையில் போட்டு, கடையின் மாடிப்படிகளை இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.